மேல் ஸயீரில் பிறந்த அக்கா

ஜெயஸ்ரீ பிரெஞ்சு படித்தது மதிப்பெண்ணுக்காக. இதில் மறைக்க என்ன இருக்கிறது? சென்னையில் அந்த வகுப்பில் உட்கார்ந்த பாதிப் பேர் அதற்காகத்தான் உட்கார்ந்தார்கள். தமிழில் கை ஒடிய எழுதினாலும் இருநூறுக்கு நூற்றறுபதைத் தாண்டாது, பிரெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுத் தொண்ணூற்றெட்டு போடுவார்கள் என்று அவள் அப்பா ஒரு கணக்குப் போட்டார். அந்த மதிப்பெண் மொழிதான் நாற்பத்தெட்டு வயதில் மகளுக்குச் சோறு போடப்போகிறது, அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களின் புண்ணியத்தில் என்று அந்த மனிதர் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்.

மயிலாப்பூரிலிருந்து தினமும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வாள். அதோடு பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்ற காகிதங்களை மொழிபெயர்த்துக் கீழே கையெழுத்துப் போட்டு, தன் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்துவாள். அப்படிக் குத்தும்போது அவளுக்கு ஒரு பெருமை வரும் பாருங்கள், அதை அவள் கணவனே கேலி செய்வான். "கலெக்டரம்மா கையெழுத்துப் போட்டாச்சா?" என்பான்.

அந்த ஸ்டாம்புதான் இப்போது ஒருவன் உயிருக்கு உலை வைத்தது.

ஒருவன் என்றால் பியன்வெனு. இருபத்தைந்து வயது. மத்திய ஆப்பிரிக்காவில், கொங்கோ நாட்டில், ஆற்றங்கரை ஊர்க்காரன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவனுக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க வந்திருந்தாள் அக்கா ஒலிவ், முப்பத்தேழு வயது, அளந்து பேசுகிறவள். ரத்தப் பரிசோதனையெல்லாம் ஒத்துப்போனது. ஆனால் இந்த ஊரில் ரத்தம் சொன்னால் மட்டும் போதாது, காகிதமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உறவு என்று சொல்லிக்கொண்டு ஏழை யாரையாவது கூட்டி வந்துவிடக்கூடாதே என்பதற்காக ஓர் ஒப்புதல் குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல முடியாது.

குழு கூடிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் இந்தக் காகித வேலைகளைக் கவனிக்கும் ரூபீனா ஃபோன் செய்தாள்.

"மேடம், ஃபைல் திரும்பி வந்துடுச்சு."

"ஏம்மா? எல்லாம் சரியாத்தானே குடுத்தேன்?"

"தம்பி பொறந்தது சோப்போ மாகாணம்னு இருக்கு. அக்கா பொறந்தது மேல் உவேலே மாகாணம்னு இருக்கு. குழுவில ஒருத்தர் ஃபோன்லயே மேப்பைத் தொறந்து பாத்துட்டாரு. நடுவுல நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குதாம். ஆனா நேத்து அந்தம்மா என்ன சொன்னாங்க? நீங்கதானே மேடம் மாத்திச் சொன்னீங்க, 'நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொறந்தோம்'னு!"

ஆமாம், ஜெயஸ்ரீதான் சொன்னாள். அவள் வாயே சொன்னதை அவள் காகிதமே மறுத்திருக்கிறது.

"அடுத்த வியாழக்கிழமை மறுபடி பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க," என்றாள் ரூபீனா. "அன்னிக்கும் சந்தேகம் தீரலன்னா மனுவைத் தள்ளிடுவாங்க. தூதரகத்துலேர்ந்து மறுபடி கடிதம், மறுபடி மனு, ரெண்டு மாசம் ஆயிடும். அவனுக்கு டயாலிசிஸ் குழாயில ரெண்டு தடவை சீழ் புடிச்சிருச்சு. இன்னொரு தடவை புடிச்சா ஆபரேஷன் பேச்சே எடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதையும் அவள்தான் மாற்றிச் சொல்லியிருந்தாள்.

மூலச் சான்றிதழ்களின் நகலை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். பார்த்த மாத்திரத்தில் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நடந்தது இதுதான். தம்பியின் சான்றிதழில் ஊர்ப் பெயர் இல்லை. இசாங்கி வட்டம், ஓரியந்தால் மாகாணம் என்று இருந்தது. இசாங்கி இப்போது எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று தேடினாள். சோப்போ என்று வந்தது. எழுதிவிட்டாள். அக்காவின் சான்றிதழில் வட்டத்தின் பெயர் இல்லை; யலிகோம்பே என்ற சின்ன ஊரின் பெயரும், மேல் ஸயீர் மாகாணம் என்பதும் மட்டும் இருந்தன. அந்த ஊர் எந்த மேப்பிலும் அகப்படவில்லை. மேல் ஸயீர் என்ற மாகாணமும் இன்றைய பட்டியலில் இல்லை. ஸயீர் என்பது கொங்கோவின் பழைய பெயர் என்பது ஜெயஸ்ரீக்குத் தெரியும். ஆக, மேல் ஸயீருக்கும் ஒரு புதுப் பெயர் வைத்திருப்பார்கள் அல்லவா? நாட்டின் வடகிழக்குப் பக்கம் 'மேல்' என்று தொடங்கும் மாகாணம் ஒன்றுதான் இருந்தது. மேல் உவேலே. அதை எழுதி ஸ்டாம்பைக் குத்திவிட்டாள்.

சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அக்கறையில் செய்தது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் மெட்ராஸ் என்று இருக்கிறது. எந்தப் படிவத்திலும் அவள் சென்னை என்றுதான் எழுதுகிறாள். தெருவுக்குப் பெயர் மாறும், சாலைக்குப் பெயர் மாறும், ஊருக்கே பெயர் மாறும். பழைய பெயரை எழுதினால் கவுண்டரில் இருப்பவர் மூஞ்சியைச் சுளிப்பார், புதுப் பெயரை எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று நினைத்தாள்.

உடனே ஆட்டோ பிடித்து தி. நகர் போனாள்.

அக்காவும் தம்பியும் உஸ்மான் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில், வெள்ளைத்துரையின் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் தங்கியிருந்தார்கள். வெள்ளைத்துரை சுரண்டைக்காரர். கீழே எவர்சில்வர், பித்தளை வியாபாரம். மேலே சமையலறையோடு கூடிய அறைகளை நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுவார். முரட்டு மீசை, உருட்டுக் கண்; ஆனால் ஒலிவ் ஒரு நாள் செல்ஃபோனில் மரவள்ளிச் செடியின் படத்தைக் காட்டி, கிழங்கை அல்ல, இலையைச் சுட்டிக்காட்டியதும், ஊரிலிருந்து வரும் லாரிக்காரரிடம் சொல்லி வாரம் ஒரு கட்டு இலை வரவழைக்க ஆரம்பித்துவிட்டார். "நாம கெழங்கைத் தின்னுட்டு எலையை ஆட்டுக்குப் போடுதோம். அவுக எலையத்தான் கொழம்பு வைக்காக. பாத்தீயளா கூத்தை?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயஸ்ரீ மாடியேறியபோது ஒலிவ் தரையில் உட்கார்ந்து, கடையிலிருந்து வெள்ளைத்துரை கொடுத்த இரும்பு உரலில் அந்த இலையைத்தான் இடித்துக்கொண்டிருந்தாள். பியன்வெனு கட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுக்கு அந்தக் குழம்பு ஆகாது. சிறுநீரக நோயாளிக்குக் கீரை விஷம் மாதிரி. வாசனை பிடிக்க மட்டும் அனுமதி.

ஜெயஸ்ரீ நின்றபடியே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னாள். தான் என்ன எழுதினாள், ஏன் எழுதினாள், குழு என்ன நினைக்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

உலக்கை நின்றது.

"அப்போ நான் யாரோன்னு நினைக்கிறாங்களா, மதாம்?" என்றாள் ஒலிவ். "இவனுக்கு நான் யாரோவா?"

ஜெயஸ்ரீக்குக் கண் நிறைந்தது. ஒலிவ் அவளையே பார்த்தாள். கோபம் இருந்தது அந்தப் பார்வையில், இல்லாமல் இருக்குமா? பிறகு காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்க. நான் சொல்றதை இந்தத் தடவை அப்படியே எழுதிக்கோங்க. நான் பிறந்த வருஷம் நாட்டுக்கே ஸயீர்னு பேர். எங்க யலிகோம்பே இசாங்கி வட்டத்துலதான் இருக்கு, அப்போ மாகாணம் மேல் ஸயீர். எனக்குப் பத்து வயசுல ஆட்சி மாறிச்சு. நாடு கொங்கோ ஆச்சு, மாகாணத்துக்கு அதுக்கு முன்னாடி இருந்த பழைய பேரே திரும்பி வந்தது, ஓரியந்தால். அதுக்கப்புறம் இவன் பிறந்தான். இவனுக்குப் பதினாறு வயசுல அதை நாலாப் பிரிச்சாங்க. எங்க பக்கத்துக்கு சோப்போன்னு பேர் வந்தது. மேல் உவேலே அதுல வேற பங்கு. அங்கே நான் போனதே இல்லை."

"பிரிச்சது உங்க ஊருக்கு எப்படித் தெரிஞ்சது?"

கட்டிலிலிருந்து பியன்வெனு பதில் சொன்னான். "எங்க பள்ளிக்கூடப் பலகையைப் புதுசா எழுத ஆள் வந்தான். பாதியில பெயிண்ட் தீர்ந்துபோச்சு. ரெண்டு வருஷம் நாங்க 'சோ' மாகாணத்துலதான் இருந்தோம்."

அந்த நிலைமையிலும் ஜெயஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே இறங்கி வந்தபோது வெள்ளைத்துரை கல்லாவிலிருந்து எழுந்தார். "என்னம்மா மொகமே சரியில்ல? தம்பிக்கு ஒண்ணுமில்லையே?"

"தம்பிக்கு ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. நான்தான் பெரிய தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள். "ரூபீனா என்னடான்னா டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிடுங்கோங்கறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"டைப்பிங்குன்னா ஒரு எழுத்து மாறும். ஒரு மாகாணமேவா மாறும்? அப்படிச் சொன்னிய, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டாக." அவர் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவினார். "எம்மா, உங்க சென்னை கதை வேற. மெட்ராஸைச் சென்னைன்னாக, பேரு மாறிச்சு, அவ்வளவுதான். எங்க பக்கம் கதை வேற. எங்களைப் பாகம் பிரிச்சாக. இருங்க, காட்டுதேன்."

பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து வைத்தார். அவருடைய அக்காவின் கல்யாணச் சீராகப் போய், இப்போது ஒடுக்கு எடுக்க வந்திருந்தது; கழுத்தில் 'சுரண்டை, திருநெல்வேலி ஜில்லா' என்று வெட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு. போன ஆவணியில் அவருடைய தம்பி மகளுக்குச் சீர் கொடுக்கப் பெயர் வெட்டி, மூடி சரியில்லை என்று திரும்பி வந்தது. அதில் 'சுரண்டை, தென்காசி மாவட்டம்'.

"ரெண்டும் ஒரே வீட்டுலேர்ந்து போன சீர். வீடு ஒரு அடி நகரல. கோடு போட்டவன் கோடு போட்டுட்டுப் போயிட்டான். இதைக் கொண்டுபோய் அந்த ஐயாமார்கிட்ட வையுங்க."

"சொம்பையும் தூக்கையுமா?"

"பின்ன? காயிதத்தை நம்பலைன்னா பாத்திரத்தையாவது நம்பட்டும்."

வியாழக்கிழமை குழுவின் முன்னால் ஜெயஸ்ரீ ஒரு மஞ்சள் பையிலிருந்து சொம்பையும் தூக்கையும் எடுத்து வைத்தபோது ரூபீனா வெட்கத்தில் கூரையைப் பார்த்தாள். மேப்பைத் திறந்து பார்த்தவர் சண்முகவேல் என்ற ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி. எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிக்காத வாய். ஜெயஸ்ரீ டைப்பிங் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. "சான்றிதழ்ல இருந்ததை நான் எழுதல, சார். எனக்குத் தெரிஞ்சதா நான் நினைச்சதை எழுதினேன். தப்பு முழுக்க என்னோடது. அவா மேல ஒரு தப்பும் கிடையாது," என்றாள். மூன்று பெயர்களையும் வரிசையாகச் சொன்னாள். சொம்பையும் காட்டினாள்.

சண்முகவேல் சொம்பைக் கையில் எடுத்து எழுத்தைப் படித்தார். "தென்காசி பிரிக்கறப்போ எல்லைக் கோப்பெல்லாம் நான் பார்த்தவன்மா. எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம். நீங்க சொல்றது நடந்திருக்கலாம். ஆனா அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. ரெண்டுல எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. அதுதான் வலித்தது.

அவர் பக்கத்திலிருந்த டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டு, இரண்டு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்தார். "நீங்க வெளியில இருங்க. மொழிபெயர்ப்பே வேண்டாம். ஒருத்தர் ஒருத்தரா உள்ள வரட்டும். வீட்டை வரையட்டும்." ஒலிவுக்கு வீடு என்பதைக் கையால் கூரை போட்டுக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

வெளியே நீள பெஞ்சில் ஜெயஸ்ரீயும் பியன்வெனுவும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவள் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்தது. இருபது வருஷமாக இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேசியே பழகியவள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பழக்கமில்லை. கபாலீஸ்வரா, இந்தப் பிள்ளையைக் கைவிட்டுடாதே என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என் வேலை போனாலும் போகட்டும் என்றும் ஒரு முறை வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகு கொஞ்சம் பயந்தாள்.

"மதாம், எனக்கு வரையவே வராது," என்றான் பியன்வெனு.

"பரவாயில்லை. உங்க வீட்டைத்தானே வரையப்போறே."

ஒலிவ் வெளியே வர, அவன் உள்ளே போனான். கால்மணி நேரம் கழித்து எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் இரண்டு தாளும் அருகருகே இருந்தன.

ஜெயஸ்ரீ எட்டிப் பார்த்தாள். இரண்டிலும் ஆறு இருந்தது, படகு இருந்தது. அது யாருக்கும் இருக்கும். ஆனால் இரண்டிலும் வாசற்படிக்கு இடது பக்கம் மண்ணில் பாதி புதைந்த ஒரு யந்திரம் இருந்தது. மேலே மூன்று இதழ் விசிறி. மூன்றில் ஒன்று பாதி உடைந்திருந்தது. இரண்டு தாளிலும் அதே இதழ் உடைந்திருந்தது.

"இது என்னன்னு கேளுங்க," என்றார் சண்முகவேல்.

"எங்க அப்பா படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவர்," என்றாள் ஒலிவ். "அது செத்துப்போன எஞ்சின். செருப்பைக் கழட்டறப்போ அதைப் பிடிச்சுக்குவோம்."

பியன்வெனு கையைக் காற்றில் நீட்டி, ஒற்றைக் காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றுவது போல் செய்து காட்டினான். குழுவில் இருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். சண்முகவேல் சிரிக்கவில்லை.

"அது சரி. அக்கா ரெண்டு அறை வரைஞ்சிருக்காங்க. தம்பி மூணு வரைஞ்சிருக்கார். வீட்டுல எத்தனை அறைன்னுகூடவா தெரியாது?"

எல்லாம் கூடி வந்து, ஓர் அறையிலா தட்டிப்போக வேண்டும்? ஜெயஸ்ரீ கேள்வியை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், ஒலிவிடம் கேட்டாள்.

ஒலிவ் தம்பியின் தாளை முதல் தடவையாகப் பார்த்தாள். அந்த மூன்றாவது அறையின்மேல் விரலை வைத்தாள்.

"இது பின்னாடி வந்தது. வீடுன்னா என் கைக்கு நான் பிறந்த வீடுதான் வருது. இவனுக்கு ரெண்டு வயசுல நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. சமையல் புகை ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அப்பா மாசக்கணக்கா படகுல. அம்மா இவனை விட்டு நகர முடியாது. ஆத்து மண்ணுல செங்கல் அறுத்து இந்த அறையை நான் கட்டினேன். பக்கத்து வீட்டு மாமா கூரை போட்டுக் குடுத்தார். அந்த வருஷம் நான் பள்ளிக்கூடம் போகலை."

பியன்வெனு அக்காவின் பக்கம் திரும்பினான். "அந்த அறை எப்பவும் இருந்ததுன்னுல்ல நினைச்சேன்! நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே," என்றாள் ஒலிவ்.

இதைத் தமிழில் சொல்லும்போது ஜெயஸ்ரீயின் குரல் உடைந்தது. அழுகிற மொழிபெயர்ப்பாளரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னாள்.

சண்முகவேல் இரண்டு தாளையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். சண்முகவேல் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வரிசையாக எல்லோரும் போட்டார்கள்.

"சான்றிதழ்ல மேல் ஸயீர்னு இருந்தா மேல் ஸயீர்னே இருக்கட்டும்," என்றார் ஜெயஸ்ரீயிடம். "வேற ஒருத்தர்கிட்டக் குடுத்துத் திருப்பி எழுதி வாங்கிக்கறோம். மூணு மாசம் உங்க சீல் இங்க வேண்டாம். அதுக்கப்புறம் வாங்க."

"சரி, சார்," என்றாள். வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது சரி என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சொம்பையும் தூக்கையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து தி. நகருக்குத் திரும்பினார்கள். ஆபரேஷன் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று ரூபீனா சொல்லியிருந்தாள். சைதாப்பேட்டை தாண்டியது. வெளியே பார்த்துக்கொண்டிருந்த பியன்வெனு திடீரென்று கேட்டான்.

"எத்தனை செங்கல் இருக்கும்?"

ஒலிவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "எண்ணலைடா," என்றாள். அவ்வளவுதான். அவன் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். அவளும் அழுதாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். "இன்னா மேடம், அழுதுகினு வர்றாங்கோ? எதுனா பிராப்ளமா?"

"ஒண்ணுமில்லப்பா," என்றாள் ஜெயஸ்ரீ. "அக்காவும் தம்பியும்."

"அத்த நீ சொல்லணுமா? அழுவுறப்போ ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே மாரி கீது," என்றார் ஆட்டோக்காரர்.